விடைக்குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது

ஆங்கில ஆசிரியர்களுக்காக இணையத்தில் குவிந்துகிடக்கும் பயிற்சித்தாள்களைப் பார்க்கும்போது எழுகிற உறுத்தலுக்கு அவற்றின் தரக்குறைவு காரணமல்ல. பெரும்பாலானவை சுத்தமாகத்தான் இருக்கின்றன. 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று தேடினால் போதும். ஸ்பெயினிலோ தென்கொரியாவிலோ பிரேசிலிலோ யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த தாள் வந்து விழும். மேலே சுருள் எழுத்தில் தலைப்பு. ஓரத்தில் முதுகுப்பையோடு சிரிக்கும் ஒரு கார்ட்டூன் பையன். எப்போதாவது சுஷி சாப்பிட்டிருக்கிறாயா, ஒட்டகத்தில் ஏறியிருக்கிறாயா, விமானத்தைத் தவறவிட்டிருக்கிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். அதற்குக் கீழே கோடிட்ட இடத்தை நிரப்பச் சில வாக்கியங்கள். அடுத்த பக்கத்தில் விடைக்குறிப்பு. எந்த நிலை மாணவருக்கு, எத்தனை நிமிடம் பிடிக்கும், ஆரம்பத்தில் பிள்ளைகளை எப்படிப் பேசவைக்க வேண்டும் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ஆசிரியர் ஏன் ஒட்டகத்தைத் தேர்ந்தெடுத்தார், அவர் வகுப்பில் அந்தக் கேள்வி விழுந்தபோது என்ன நடந்தது, எந்த இடத்தில் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள், அடுத்த முறை எதையாவது மாற்றினாரா என்பது மட்டும் எங்கும் இருக்காது. தாளை உண்டாக்கிய யோசனை, தாள் ஊர்விட்டு ஊர் புறப்படும்போது வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பாடத்தைப் பகிர்கிறோம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ பாடம் முடிந்த பிறகு மேசையில் மிஞ்சிக் கிடப்பதைத்தான் பகிர்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இதில் பெருந்தன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டேவ் ஸ்பெர்லிங் 1995இல் 'டேவ்ஸ் ஈஎஸ்எல் கஃபே' தளத்தைத் தொடங்கிய காலத்தில், தெரியாத ஊரில், பாஷை புரியாத தெருவில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, காலை முதல் பீரியடுக்கு என்ன செய்வதென்று விழித்த ஆங்கில ஆசிரியர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு முகம் தெரியாத இன்னோர் ஆசிரியர் கொடுத்த ஒரு விளையாட்டு, ஒரு பட்டியல், பெரிய உதவி. பிறகு பதிப்பகங்கள் தளம் அமைத்தன, பிரிட்டிஷ் கவுன்சில் வந்தது, ஆசிரியர்கள் தாங்களே ஏற்றித் தாங்களே இறக்கிக்கொள்ளும் ஐஎஸ்எல்கலெக்டிவ் போன்றவை வந்தன. எல்லாப் பாடங்களுக்குமாக 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' தாளுக்கு விலையும் வைத்தது. உழைப்புக்குக் கூலி கேட்பதில் தப்பில்லை. ஆனால் விலையோ எண்ணிக்கையோ வைக்க வேண்டுமென்றால் எண்ணக்கூடிய ஒன்று வேண்டும். ஒரு தாளை எத்தனை பேர் இறக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். 'இந்தப் பயிற்சி ஏழாம் வகுப்பில் எடுபடவில்லை, ஏனென்று இன்னும் விளங்கவில்லை' என்று ஓர் ஆசிரியர் எழுதும் பத்தியை யார் இறக்கி எந்த ஃபைலில் போட்டுவைப்பார்? அப்படி எழுதுகிறவர்களும் உண்டு, தங்கள் வலைப்பூக்களில், நீளநீளமாக, முடிவுக்கு வராமல். அதை வாசித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குக் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும். கையில் எடுத்துப்போக ஒன்றுமில்லாத அந்த எழுத்தே ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குத் தரக்கூடியவற்றில் மேலானது என்பது என் கட்சி. அதற்கு எதிராகச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்பதும் தெரியும்.

ஒரு தாள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதைத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பு முழுக்க எழுந்து நடமாடி, ஒட்டகத்தில் ஏறியவர் யார், மூன்று மொழி பேசுபவர் யார் என்று ஆளாளுக்குக் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்ளும் பயிற்சி இத்தளங்களில் சலிக்கச்சலிக்கக் கிடைக்கும். எட்டோ பத்தோ பேர், ஆளுக்கொரு நாற்காலி, நடுவில் இடம் என்றால் அது நல்ல பயிற்சிதான். நீளப் பெஞ்சுகளில் ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில், சுவரோரம் இருக்கும் பிள்ளை வெளியே வர வேண்டுமென்றால் அந்த வரிசையே எழுந்து நிற்க வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் தட்டி வழியாக எட்டிப் பார்ப்பார். இன்னொரு தாளில் படத்திலிருக்கும் பெண்ணின் சட்டை என்ன நிறம் என்று கேள்வி இருக்கும். ஜெராக்ஸில் எல்லாச் சட்டையும் சாம்பல். இப்படிப்பட்ட வகுப்புகளை மைக்கேல் வெஸ்ட் வெகுகாலத்துக்கு முன்பே கணக்கில் எடுத்திருந்தார். கடினமான சூழல்களில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1960இல் அவர் வெளியிட்ட நூல், பெஞ்சில் நெருக்கி உட்காரும் பெரிய வகுப்பையும் வெக்கையையும் தன் ஆங்கிலத்தின்மீதே முழு நம்பிக்கையில்லாத ஆசிரியரையும் வைத்துத்தான் பேசத் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, 1926இல் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது. வங்காளத்துப் பள்ளிகளில் பெரும்பாலான பையன்கள் படிப்பைப் பாதியில் விட்டார்கள். காப்பீட்டுப் பாலிசியை நடுவில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ எவ்வளவு என்று கேட்பதைப் போல, ஆங்கிலத்தை நடுவில் நிறுத்துகிறவன் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். இரண்டு வருஷம் பேசிப் பழகி நின்றுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது, வாசிக்கத் தெரிந்திருந்தால் ஏதோ மிஞ்சும் என்பது அவர் கண்ட விடை. அவருடைய வாசிப்புப் புத்தகங்கள் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. அவை வங்காளத்தைத் தாண்டி எத்தனையோ நாடுகளுக்குப் போயின. அங்கே எல்லாம் பிள்ளைகள் பாதியில்தான் நின்றார்களா, வாசிப்புத்தான் அவர்களுக்கு முதல் தேவையா என்று யாராவது மறுபடி கணக்குப் போட்டார்களா என்பது வேறு விஷயம். புத்தகத்துக்குக் கால் இருந்த அளவுக்குக் கணக்குக்கு இருக்கவில்லை.

எங்கும் போக வேண்டிய பொருளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. உலகச் சந்தைக்குப் பாடநூல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை ஒரு காய்கறியின் பெயருக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள்: பார்ஸ்னிப். அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், இசங்கள், பன்றி இறைச்சி. பதிப்பாளரின் பயம் நியாயமானதே. ஒரு நாட்டில் தடை விழுந்தால் நஷ்டம் அவருக்கு. வேடிக்கை என்னவென்றால், எந்தக் கல்வித்துறையும் கட்டாயப்படுத்தாத, ஓர் ஆசிரியர் தன் விருப்பத்துக்குச் செய்து இலவசமாக ஏற்றும் தாளிலும் அதே வெறுமை வந்துவிடுகிறது. எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்ற நல்லெண்ணமே அதைச் செய்கிறது. மனிதர்கள் சுற்றுலா போகிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், பொழுதுபோக்கைப் பட்டியலிடுகிறார்கள். யாரும் கடன் வாங்குவதில்லை, யாருக்கும் சாவு விழுவதில்லை.

பொதுத்தன்மை உள்ளடக்கத்தோடு நிற்பதில்லை, இலக்கணத்தையும் பிடிக்கிறது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று மாணவர் எழுதினால் விடைக்குறிப்பின்படி அது தப்பு, அத்தோடு சரி. ஜெர்மன்காரர் அப்படி எழுதுவதற்குக் காரணம் கண்கூடு: அவர் மொழியில் நேற்றுப் பார்த்ததைச் சொல்லப் பேச்சுவழக்கில் அதே வடிவந்தான் இயல்பு. தமிழ்ப் பிள்ளைக்குச் 'சாப்பிட்டிருக்கிறாயா' என்ற கேள்வி கைவசம் இருக்கிறது, ஆகவே சுஷிக் கேள்வியின் பொருளை விளக்க அரைமணி நேரம் செலவழிக்க வேண்டியதே இல்லை. அந்தப் பிள்ளை இடறும் இடம் வேறு. ஒரே தாள், ஒரே தப்பு, இரண்டு வகுப்பில் இரண்டு வேலை. எந்த வேலை என்பதைத் தாள் சொல்லாது, சொல்லவும் முடியாது. வகுப்பில் வந்த தப்புகளை எழுதிவைத்த ஆசிரியர் சொல்ல முடியும். விடைக்குறிப்புக்குப் பதில் தப்புக்குறிப்பு ஒன்றை யாராவது இணைத்தால் நான் அதைத்தான் முதலில் இறக்குவேன்.

அப்படியென்றால் தாளே வேண்டாமா? ஆசிரியர் பயிற்சியாளர் ஸ்காட் தார்ன்பரி ஏறக்குறைய அதைத்தான் 2000இல் கேட்டார். டென்மார்க்கில் 1995இல் திரைப்பட இயக்குநர்கள் லார்ஸ் வான் ட்ரையரும் தாமஸ் வின்டர்பெர்க்கும், வெளியிலிருந்து அரங்கப்பொருள் கொண்டுவருவதில்லை, படம்பிடிக்கும் இடத்தில் இருப்பதே போதும் என்று சபதம் எடுத்தார்கள் அல்லவா, அதே 'டாக்மா'வை அவர் ஆங்கில வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் கட்டுகளின் அடியில் வகுப்பு மூச்சுத்திணறுகிறது. ஆசிரியரும் மாணவரும் கொண்டுவரும் பேச்சே பாடத்துக்கு மூலப்பொருள் என்றார். (இந்தத் துறவு இயக்கம் வளர்ந்தது இணையத்தில்தான், லூக் மெடிங்ஸோடு சேர்ந்து 2009இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெரும்பகுதி வகுப்பில் செய்யத்தக்க பயிற்சிகளின் தொகுப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அவர் நோயைச் சரியாகப் பிடித்தார். மருந்துதான் எல்லாருக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது. மாணவன் சொல்லும் எந்த வாக்கியத்தையும் அந்த நொடியே பிடித்துத் திருத்திப் பாடமாக்க, ஆங்கிலம் நாக்கில் தயாராக இருக்க வேண்டும். உலகத்தில் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்களும் வகுப்பில் படித்துக் கற்றவர்கள். தடுக்கி விழாமல் இருக்க ஒரு தாளைப் பற்றிக்கொள்ளும் ஆசிரியரிடம் தாளைத் தூக்கிப் போடு என்று சொல்வது, நீச்சல் தெரிந்தவர் கரையில் நின்று தரும் யோசனை. இந்த ஆட்சேபத்துக்கு நான் தலைவணங்குகிறேன். தாள் இருக்கட்டும். அதோடு என்ன வர வேண்டும் என்பதே கேள்வி.

இதற்குத் தென்னிந்தியாவில் நடந்த இரண்டு முயற்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். சென்னை மாநிலத்தில் 1950களின் கடைசியில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய அமைப்புமுறைப் பாடத்திட்டத்தைக் கற்றுக்கொடுக்கப் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பிரசாரம் நடந்தது. சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் பலரைப் பயிற்றுவித்து, உருண்டு பெருக வேண்டும் என்பதால் அதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர். சென்னை வெயிலில் அந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். உருளும்போது பந்தோடு ஒட்டிக்கொண்டு வருவது செய்முறை. இந்த வாக்கிய அமைப்புக்குப் பின் அது, வாயால் சொல்லிக்காட்டு, திருப்பிச் சொல்லவை. ஏன் அந்த வரிசை என்ற விவாதத்துக்குக் கீழ்ப்படிகளில் நேரம் ஏது? இருபது வருஷம் கழித்து, அந்த முறை சடங்காகிப்போன நிலையில், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு பெங்களூர்த் திட்டம் என்று பின்னால் பெயர் பெற்ற சோதனையைத் தொடங்கினார். 1979 முதல் 1984 வரை, சாதாரணப் பள்ளிகளில், சாதாரண வகுப்புகளில். ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குள் போக வேண்டுமானால் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பது. ஒரு மாதிரியை எல்லாரும் சேர்ந்து வாய்விட்டு யோசித்துத் தீர்ப்பது. அதே மாதிரி இன்னொன்றை மாணவர் தனியே போடுவது. கரும்பலகை, சாக்கட்டி, தாள், பென்சில், அவ்வளவே சாமான். மனம் பொருளில் ஈடுபடும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் ஊகம்.

ஊகம் சரியா என்பது இன்றுவரை தீரவில்லை, இங்கே அது முக்கியமும் இல்லை. திட்டத்தின் ஆட்கள் செய்த காரியந்தான் எனக்கு முக்கியம். எந்தப் பணியைக் கொடுத்தோம், எங்கே சிக்கல் வந்தது, ஏன் மாற்றினோம் என்று எழுதினார்கள், கருத்தரங்கு கூட்டி எதிர்க்கருத்துக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆலன் பெரெட்டா பின்னால் ஆராய்ந்தபோது, பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் பலர் இந்த முறையை முழுக்கத் தன்வயமாக்கவில்லை என்பது தெரிந்தது. அவருக்கு அது தெரியவந்ததே, பங்கேற்ற ஆசிரியர்களிடம் தங்கள் அனுபவத்தை எழுதித் தரச்சொல்லி வாங்கிப் படித்ததால்தான். பணிப்பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் அமோகமாக நடந்ததாகத்தான் தோன்றியிருக்கும். பிரபு 1990இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போய், தன் முறை உட்பட எந்த முறையும் மிகச் சிறந்தது ஆகாது என்றார். எப்படிக் கற்றல் நடக்கிறது என்பது பற்றி ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கும் ஓர் ஏற்புணர்வு வேண்டும். நல்ல கற்பித்தலுக்கு எதிரி மோசமான முறையல்ல, யோசனையில்லாத பழக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். இறக்கிய தாளுக்கு எதிராக இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரிந்து இல்லை. நல்ல தாள்கள் நிறையக் கிடைக்கக் கிடைக்க, மோசமாகாமலேயே யோசனை நின்றுபோவதற்கு வசதி கூடுகிறது.

கைக்குக் கிடைத்த பொருளைப் பயன்படுத்தியும் யோசனை நிற்காமலிருக்க முடியும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. போர்க்காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டுக் கலைத்துறை மாணவர்களுக்கு சுரேஷ் கனகராஜா ஆங்கிலம் நடத்தியபோது கையிலிருந்தது ஆசியா ஃபவுண்டேஷன் அன்பளித்த 'அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்'. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. அமெரிக்க நகரத்து மனிதர்களின் வாழ்க்கை. வெளியே ஷெல் விழும் ஊர். அவர் கவனித்தது பக்கங்களின் ஓரத்தை. பாடம் நடக்கும்போது மாணவர்கள் அங்கே கிறுக்கியிருந்தார்கள்: போராட்ட அரசியல், சினிமா, தங்கள் பண்பாட்டுச் சங்கதிகள். புத்தகம் விட்டுவிட்ட உலகத்தை அவர்களே விளிம்பில் வரைந்து சேர்த்திருந்தார்கள். அதை அவர் எழுதினார். மாணவர்கள் அந்நியப் பாடத்தை எதிர்த்துக் கிளர்ந்தார்கள் என்று முடித்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அதே மாணவர்கள் தேர்வுக்கு உதவும் கிராமரைத்தான் கேட்டார்கள், கலந்துரையாடலை அல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் கட்சிக்கும் அது சங்கடந்தான். யோசிக்கும் ஆசிரியரைவிட விதியும் பயிற்சியும் கொண்ட தாளைக் கேட்கும் மாணவனை என்ன செய்வது? அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தேர்வு அவனுடையது. ஆனால் இந்தச் சங்கடம் நமக்குத் தெரியவருவதே அந்த விவரணையால். யாழ்ப்பாணத்துக்கு வந்த பாடநூலை இன்று தேடுவார் இல்லை. அதன் ஓரங்களைப் பற்றிய எழுத்தைப் பல நாட்டு ஆசிரியர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

நேரமில்லை என்பது வலுவான ஆட்சேபம். ஆறு பீரியட், திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு, அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரம். இதற்குமேல் ஆசிரியர் உட்கார்ந்து தன் வகுப்பைப் பற்றித் தியானிக்க வேண்டுமா? சிலியில் 2013 முதல் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களோடு நடந்த 'சாம்பியன் டீச்சர்ஸ்' முயற்சி இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. ரிச்சர்ட் ஸ்மித், பவுலா ரெபோயேடோ போன்றவர்கள் அங்கே கேட்டது பெரிய ஆராய்ச்சி அல்ல. தீர்வைத் தேடி ஓடாதே, முதலில் உன் வகுப்பில் என்ன நடக்கிறதென்று பார். பேசமாட்டேன் என்கிறார்களா, அவர்களிடமே ஏனென்று கேள். கேட்டதைச் சுருக்கமாக எழுது. அந்தக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் சில பக்கம். இதிலும் எனக்கொரு சந்தேகம் உண்டு. பிரச்சினை, முயற்சி, முன்னேற்றம் என்ற அச்சில் கதைகளும் வார்க்கப்பட ஆரம்பித்தால் அவையும் ஒருவகைப் பயிற்சித்தாளே. கோடிட்ட இடத்தில் ஊர்ப்பெயரை நிரப்பினால் போதும். புதிதாக வேலைக்கு வந்தவருக்குப் பற்றிக்கொள்ள மாதிரி வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் பழகுகிறவர் கற்பது முடிந்த பொருளைப் பார்த்தல்ல, செய்கிறவர் எதைத் தள்ளுகிறார் எதை எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து. தாளில் தெரிவது எடுத்தது மட்டுமே.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்த பிறகு இந்த வாதத்தின் பாதியைக் காலமே நடத்திவிட்டது. எட்டாம் வகுப்பு, பிரசன்ட் பெர்ஃபெக்ட், பத்துக் கேள்வி, விடையோடு என்று தட்டினால் சில நொடியில் வந்துவிடுகிறது. ஒட்டகம் வேண்டாம், மாட்டுவண்டி போடு என்றால் அதுவும் வரும். ஆசிரியர்கள் இருபது முப்பது வருஷமாகச் சேர்த்த தாள்களின் மதிப்பு அந்த நொடியில் எங்கே போய் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் நின்ற அனுபவத்தையும் அந்த இயந்திரம் எழுதிவிடுமே என்றால், ஆமாம், எழுதும், கண்ணீர் வரும்படிகூட. அதனாலேயே இனி விவரணைக்கு அளவுகோல் கடுமையாகும். ஓரப் பெஞ்சுப் பிள்ளை எழுதிய தப்பு இன்னதென்று சொல்லாத, எல்லா வகுப்புக்கும் பொருந்தக்கூடிய அனுபவக் கட்டுரையை இனி யாரும் நம்பத் தேவையில்லை. இத்தளங்களில் தாள் ஏற்றும்போது நிலை, வயது, இலக்கணம், திறன் என்று கட்டங்கள் நிரப்பச் சொல்கிறார்கள். எத்தனை பேர் வகுப்பில் நடத்தினீர்கள், எங்கே இடறியது என்று கூடுதலாக ஒரு கட்டம் வைப்பது ஒருநாள் வேலைகூட ஆகாது. வைத்தாலும் பாதிப்பேர் அதில் 'மாணவர்கள் மிகவும் ரசித்தார்கள்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். மீதிப்பேர் எழுதுவதை வாசிக்க அந்தத் தளங்களுக்குப் போகலாம்.